டிராக்டருக்கு நாலரை

நெடுஞ்சாலை என்றால் நெடுநேரம் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் நூற்றுப்பதினேழைப் பார்த்ததில்லை. மொத்தமே ஏழு கிலோமீட்டர் இருநூறு மீட்டர். ஒரு முனையில் மெயின் ரோடு, மறுமுனையில் அணை. கடையில் டீ வாங்கி, அதைக் கையில் பிடித்தபடி பைக்கின் பின்னால் உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் சாலை முடிந்துவிடும். ஆனாலும் அது மாநில நெடுஞ்சாலை. எண் உண்டு, பச்சை போர்டு உண்டு, பூஜ்யத்திலிருந்து ஏழு வரை கிலோமீட்டர் கற்கள் உண்டு.

அந்த அந்தஸ்து அதற்குச் சும்மா வரவில்லை. அணை கட்டும்போது கல் ஏற்றி வந்த லாரிகளுக்காகப் போட்ட தடம் அது. அணை முடிந்த பிறகு பத்து வருஷம் ஊர்க்காரர்கள் மனு மேல் மனுவாக எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு மழைநாளில் மந்திரி ஒருவரின் கார் அந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டது. மந்திரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடுரோட்டில் நின்றார். மூன்றே மாதத்தில் தார் வந்தது, எண் வந்தது, போர்டும் வந்தது. பத்து வருஷத்து மனுக்கள் செய்யாததை ஒரு ஜோடிச் செருப்பு செய்தது.

இருபத்திரண்டு வருஷம் அது ராஜா மாதிரி இருந்தது. பிறகு டவுனுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு புறவழிச்சாலை போட்டார்கள். புதிதாக ஏழு கிலோமீட்டர் பட்டியலில் சேர்ந்தால், பழையதில் ஏழு கிலோமீட்டர் குறைய வேண்டுமாம். அப்படி ஒரு விதி. குறைக்கச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ பட்டியலில் விரலை ஓட்டி, இருப்பதிலேயே குட்டையான சாலையின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. அரசிதழில் ஒன்றரை வரி.

ஊருக்கு அந்த ஒன்றரை வரி தெரியாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை இரண்டு பேர் ஏணியோடு வந்து பச்சை போர்டைக் கழற்றினார்கள். போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தது. பெயின்ட் அடிக்கத்தான் கொண்டு போகிறார்கள் என்று நினைத்து, ஊர் வெல்டர் தன் பட்டறையிலிருந்து கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு போய் நாலு போல்ட்டையும் அறுத்துக் கொடுத்தார். வந்தவர்களுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

அந்த வெல்டரின் மனைவிதான் சொசைட்டி அக்கா. ஊர் பால் சொசைட்டியில் எழுத்தர். விடிவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து, யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு என்று எட்டு மணி வரை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மாலையிலும் அதே வேலை. ஊரில் கைக்குழந்தையிலிருந்து அவளுடைய மாமனார் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். மாமனார் வாய் தவறி ஒருநாள் அப்படிக் கூப்பிட்டார், பிறகு பழகிவிட்டது.

அக்காவுக்கு ஒரே மகள். எட்டு வயது. காது கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லாததாலோ என்னவோ, எல்லோரும் அவளை வாலு என்றே சொன்னார்கள். அதற்குத் தகுந்த வாலுதான். டவுனில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். பள்ளி வேன் தினமும் மெயின் ரோட்டிலிருந்து பூஜ்யம் கல்லில் உள்ளே திரும்பி, மூன்றாவது கிலோமீட்டரில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, ஐந்தாவது கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு வந்து அவளை ஏற்றிப் போகும்.

அந்த வாய்க்கால் பாலத்தில்தான் வந்தது வினை. யாரோ ஓட்டி வந்த அறுவடை இயந்திரம் இடித்து ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவர் விழுந்துவிட்டது. ஓரத்தில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. பார்த்தாலே பயமாகத்தான் இருந்தது. மே மாதம் கடைசி வாரத்தில், பள்ளி திறக்கும் முன்பே, வேன் டிரைவர், அறுபது வயதுக்காரர், வண்டியை விட்டு இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. செவுரு கட்டாம இனிமே வேன் பாலத்தத் தாண்டக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டார். இன்ஷூரன்ஸ்காரன் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான்."

"அப்ப எம்பொண்ணு?"

"அணை வழியா சுத்தி வந்தா முப்பத்தோரு கிலோமீட்டர். அது முடியாதுங்கறார். பூஜ்யம் கல்லு வரைக்கும் கொண்டாந்து விட்டீங்கன்னா நான் நின்னு ஏத்திக்கறேன். இல்லன்னா ஸ்கூல்லயே ஹாஸ்டல் இருக்கு. ஜூலை வரைக்கும் மட்டும் எப்பவும்போல ஊருக்குள்ள வர முதலாளிகிட்ட தவணை வாங்கியிருக்கேன்."

ஹாஸ்டல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஹாஸ்டல் மோசம் என்பதால் இல்லை. வாலு கையால்தான் பேசுவாள். விளக்கை அணைத்துவிட்டால் கை தெரியாது. அதனால் படுத்த பிறகு அம்மாவின் உள்ளங்கையை இழுத்து வைத்துக்கொண்டு அதில் விரலால் எழுதுவாள். அன்று பள்ளியில் யார் யாரை அடித்தார்கள், எந்த டீச்சர் மூக்கில் மை ஒட்டியிருந்தது என்று தூக்கம் வரும் வரை எழுதுவாள். அக்கா பதில் எழுதுவாள். ஹாஸ்டலில் இருட்டில் யார் கையில் எழுதுவாள் இந்தப் பிள்ளை?

"இதுக்கு எதுக்கு முகத்தைத் தூக்கி வச்சிருக்க?" என்றார் வெல்டர். "நான் பைக்ல கொண்டுபோய் பூஜ்யம் கல்லுல விட்டுட்டு வரேன். அஞ்சு கிலோமீட்டர். பைக்குக்கு அந்தப் பாலம் போதும்."

"நீங்களா? நீங்க எந்திரிக்கறதுக்குள்ள ஸ்கூல்ல மத்தியானச் சோத்துக்கு மணி அடிச்சிடும்."

"எந்திரிப்பேன்."

"மழைக்காலத்துல? உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டா? இன்னைக்கு நாளைக்குன்னா சரி. இன்னும் பத்து வருஷம் படிக்கணுங்க அவ. செவுரு கட்டறது யார் வேலையோ அவங்க கட்டட்டும். பிச்சையா கேக்கறோம்?"

வெல்டர் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். மேலும் பேசினால் போர்டு கதை வரும் என்று அவருக்குத் தெரியும். பதினொரு வருஷமாக வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அது அந்த நாலு போல்ட்டில்தான் வந்து நின்றது.

அக்கா மறுநாளே டவுனுக்குப் போனாள். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் போக முடியும். ஹைவேஸ் ஆபீஸில் இன்ஜினியர் மனுவைப் பாதி படித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"இந்த ரோடு எங்க லிஸ்ட்ல இல்லம்மா."

"ரோடு இருக்கே சார். அதுல நடந்துதான் வந்தேன்."

"ரோடு இருக்கலாம். லிஸ்ட்ல இல்ல. பதினோரு வருஷம் முன்னாடியே எடுத்தாச்சு. ஒன்றிய ஆபீஸ்ல ஒப்படைச்சிருப்பாங்க, அங்க போய்க் கேளுங்க."

ஒன்றிய அலுவலகம் அதே தெருவில் எதிர்வாடை. மேனேஜர் ஃபைலைத் தேடவே இல்லை. மனப்பாடமாகச் சொன்னார்.

"ஒப்படைக்கறேன்னு லெட்டர் வந்தது. நல்ல நிலையில ஒப்படைச்சா வாங்கிக்கறோம்னு பதில் போட்டோம். ரிப்பேர் பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே வாங்கிக்கறேன்."

திரும்ப எதிர்வாடை. "லிஸ்ட்ல இல்லாத ரோட்ட நான் ரிப்பேர் பண்ணா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க. முதல்ல அவங்கள வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார் இன்ஜினியர். இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் இருபதடி தெரு. இந்த ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் அந்த ஜன்னலில் கேட்கும். ஆனால் இரண்டு பேரும் பதினொரு வருஷமாகக் கடிதத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு பெண் வெயிலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினாறாவது தடவை போனபோது அக்கா சாலையின் சரித்திரத்தையே எழுதிக்கொண்டு போனாள். கல் லாரி, மந்திரி, செருப்பு, பச்சை போர்டு, எல்லாம் நாலு பக்கத்துக்கு. போல்ட் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள். என்ன இருந்தாலும் புருஷன்.

மேனேஜர் படித்துவிட்டு, "என்னம்மா, இது மனுவா, பரீட்சைப் பேப்பரா?" என்றார். ஆனால் செருப்பு வந்த இடத்தில் அவர் உதடு கொஞ்சம் விரிந்தது. அந்தச் சிரிப்பின் தயவில்தான் அவர் வாயிலிருந்து ஒரு வழி வந்தது. யாருடையது என்று தெரியாத சாலைகளை எடுத்துச் சரிசெய்ய ஒரு திட்டம் இருக்கிறதாம். அதற்குப் போக்குவரத்துக் கணக்கு எடுக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மூன்று நாள். சராசரி நானூறு வந்தால் சாலை திட்டத்துக்குள் வந்துவிடும். கைப்பிடிச் சுவர் என்ன, தாரே போடலாம்.

அக்கா அன்று பஸ்ஸில் உட்காரவே இல்லை. உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

ஜூலை இரண்டாம் வாரம் கணக்கெடுப்பாளர் வந்தார். ஒல்லியான, ரொம்பவும் நேர்மையான மனிதர். அதுதான் பெரிய கஷ்டமாகப் போயிற்று. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு குடை, மடியில் கட்டம் போட்ட தாள். எண்ண ஆரம்பிப்பதற்கு முதல்நாள் சாயங்காலமே அக்கா அவரைச் சொசைட்டியில் உட்காரவைத்துப் பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

"எப்படிண்ணா எண்ணுவீங்க? ஒரு வண்டிக்கு ஒண்ணா?"

"அப்படி இல்லம்மா. காருக்கு ஒண்ணு. பைக்குக்கு அரை. சைக்கிளுக்கும் அரை. லாரின்னா மூணு."

"டிராக்டர்?"

"ட்ரெய்லரோட வந்தா நாலரை. ரோட்ட அடைச்சுக்கிட்டு மெதுவாப் போகும் பாருங்க, அதனால."

"மாட்டு வண்டி?"

"எட்டு."

மாட்டு வண்டிக்கு எட்டு என்ற செய்தி அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. ஊரில் இருந்தது ஒரே ஒரு மாட்டு வண்டி. அதில் சக்கரமும் ஒன்றுதான் இருந்தது. அதை வைத்துக் கோழிக்கூடு கட்டியிருந்தார்கள். ஆனாலும் இரண்டு பேர் போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அக்காவின் அண்ணன் செங்கல் சூளை வைத்திருந்தார். தங்கை வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை என்பது அவருக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. அக்கா போனில் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆறு டிராக்டர் அனுப்பறேன். மூணு லாரி. போதுமா? காலியா அனுப்பவா, லோடு அடிச்சு அனுப்பவா?"

அக்கா யோசித்தாள். கணக்கெடுப்பாளரின் தாளில் லோடு வண்டிக்குத் தனிக் கட்டம் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். தனிக் கட்டம் என்றால் தனி மதிப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பாலில் கொழுப்புக்குத் தனிக் கட்டம் இருப்பது மாதிரி.

"லோடோடயே அனுப்புண்ணா. நல்லா நிறைய."

"அளவாப் பண்ணு" என்றார் வெல்டர். "சும்மா விட்டாலே முன்னூத்தி எழுபது, எண்பது வரும். கொஞ்சம் தள்ளிவிட்டாப் போதும்."

"போர்டு அறுக்கும்போது அளவா அறுத்தீங்களா?"



மூன்று நாள் நூற்றுப்பதினேழு தன் வாழ்நாளில் காணாத நெரிசலைக் கண்டது. பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரிடமும் அக்கா சொல்லி வைத்திருந்தாள். தொண்ணூறு பைக்காவது ஓடியிருக்கும். பாலத்தைத் தாண்டிப் போவது, பூஜ்யம் கல்லில் திரும்புவது, மறுபடி வருவது. வெட்டியாக ஓடுவது தெரியக் கூடாது என்று ஒருத்தர் போகும்போது கண்ணாடி போட்டுக்கொண்டார், வரும்போது கழற்றிக்கொண்டார். ஒரு பெரியவர் ஒரே புல்லுக்கட்டைச் சைக்கிளில் வைத்து நாளெல்லாம் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் கொண்டு போனார். செங்கல் டிராக்டர்கள் யானைக்கூட்டம் மாதிரி வரிசையாக வந்தன. அதே செங்கல், அதே டிராக்டர், ஒரு நாளைக்கு இருபது நடை.

கணக்கெடுப்பாளர் எல்லாவற்றையும் எழுதினார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் ஒரே வண்டி திரும்ப வந்தால் எண்ணக் கூடாது என்று அவர் தாளில் எங்கும் போடவில்லை. தாளில் இல்லாததை அவர் செய்வதில்லை.

வாலு அந்த மூன்று நாளும் லீவு போட்டுவிட்டுக் குடைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு டிராக்டருக்கும் நாலு விரலைக் காட்டி, ஐந்தாவது விரலைப் பாதி மடக்கினாள். கணக்கெடுப்பாளரே இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து அவள் விரலைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கூட்டிப் பார்த்தார். சராசரி இரண்டாயிரத்து நூற்று அறுபது. ஊரே விசிலடித்தது. அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்றாள். எட்டு வயதுப் பிள்ளை, தூக்கும் கனமா அது? ஆனாலும் தூக்கினாள். வெல்டர் மட்டும் பெயர்ந்த ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. இத்தனை லோடு போயும் ஒரு விரிசல் விடல. கம்பி விரல் தண்டி இருக்கு. கைப்பிடிதான் போயிருக்கு, பாலம் கல்லு மாதிரி இருக்கு."

"அதைத்தானே நானும் ரெண்டு மாசமா சொல்றேன். செவுரு மட்டும்தானே கேட்டேன்."

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. இரண்டு ஆபீஸிலிருந்தும் ஒரே நாளில். அக்கா சொசைட்டியில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் குரல் இறங்கிவிட்டது.

'மேற்படி சாலையில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், பாரம் ஏற்றிய கனரக வாகனங்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருப்பது தெரியவருகிறது. சேதமடைந்த சிறுபாலத்தின் மீது இத்தகைய போக்குவரத்து தொடர்வது பொதுமக்களின் உயிருக்கு ஆபத்தானது என்பதால், பாலத்தை உடனடியாக அகற்ற உத்தரவிடப்படுகிறது. புதிய பாலத்துக்கான கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது. அதுவரை பொதுமக்கள் அணை வழியாகச் செல்லலாம்.'

இன்னொரு கடிதத்திலும் இதுவேதான். கையெழுத்து மட்டும் வேறு.

பால் ஊற்ற வந்த ஒருவர், "புதுப் பாலமே வருதாமே, நல்லதுதானே?" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பால் கேனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

டவுனுக்கு ஓடினாள். பத்தொன்பதாவது தடவை. இன்ஜினியர் இந்தத் தடவை எழுந்து நின்று பேசினார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? நாலரை டன்னு செங்கலோட ஒரு நாளைக்கு நூத்திருபது டிராக்டர். ரிப்போர்ட் என் டேபிளுக்கு வந்துடுச்சு. நாளைக்கு ஒரு வண்டி கவுந்தா, தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தேன்னு என்னைத்தானே கேப்பாங்க?"

"அது நாங்களாவே ஓட்டினது சார்." சொல்லிவிட்டாள். வேறு வழி தெரியவில்லை. "எங்கண்ணன் வண்டி. மூணு நாளும் அதே வண்டிதான். சும்மா அங்கயும் இங்கயும் ஓட்டினோம். எண்ணிக்கை வேணும்னு."

இன்ஜினியர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை வெளிய சொல்லாதீங்க. அரசாங்கக் கணக்கெடுப்புல பொய் சொன்னதா ஆகும். கேஸ் ஆனா உங்கண்ணன் வண்டி எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்துவாங்க. அப்பவும் பாலம் போறது போறதுதான்."

"சார், அந்த ரோடு உங்க லிஸ்ட்லயே இல்லன்னு சொன்னீங்களே?"

"கட்டறதுக்குத்தாம்மா லிஸ்ட்ல இருக்கணும். ஆபத்துன்னா யார் வேணாலும் இடிக்கலாம்."

அக்காவுக்கு அவர் மேஜையில் இருந்த எல்லாவற்றையும் வாரி ஜன்னல் வழியாக எதிர்வாடையில் எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. மாலைப் பாலுக்கு நேரமாகிவிட்டது.

இடிக்க வந்த நாளைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பேசுவார்கள். பூஜ்யம் கல் பக்கமிருந்து ஹைவேஸ் ஒரு பொக்லைனைக் கொண்டுவந்தது. அணைப் பக்கமிருந்து, முப்பத்தோரு கிலோமீட்டர் சுற்றி, ஒன்றிய ஆபீஸ் இன்னொரு பொக்லைனைக் கொண்டுவந்தது. பதினொரு வருஷம் அநாதையாகக் கிடந்த சாலைக்கு ஒரே காலையில் இரண்டு சொந்தக்காரர்கள். யார் முதலில் இடிப்பது என்று பாலத்தின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு வாக்குவாதம். இதுவரை கடிதத்தில் பேசியவர்கள் அன்றுதான் முதல்முறையாக வாயால் பேசினார்கள். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது.

வாய்க்காலில் தண்ணீர் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, இறங்கிக் கடக்க முடியாது. வெல்டர் போய் அதிகாரிகளிடம் மன்றாடினார். பைக் போகுமளவுக்கு ஒரு ஓரத்தையாவது விடுங்கள், என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்றார். முழுசாக அகற்ற வேண்டும் என்றுதான் உத்தரவில் இருக்கிறது என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அக்கா தள்ளி நின்று பார்த்தாள். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அந்த மனுஷன் சொன்னார். அளவாகப் பண்ணு என்றும் சொன்னார். இரண்டு தடவையும் அவள்தான் அவர் வாயை அடைத்தாள். இப்போது பூஜ்யம் கல்லில் வேன் நிற்கும், ஆனால் பைக் போக வழி இருக்காது. சும்மா இருந்திருந்தால் பிள்ளை வீட்டிலிருந்தே படித்திருப்பாள் என்ற நினைப்பு அவளை உள்ளே கிடந்து அறுத்தது.

இரண்டு இயந்திரங்களும் பாலத்தில் இரும்பு மூக்கை வைத்து அடிக்க ஆரம்பித்தன. பாலம் உடையவில்லை. மத்தியானம் வரை அடித்து ஒரு கூடைக் காரைதான் பெயர்ந்தது. ஒரு இயந்திரத்தின் மூக்கு உடைந்து வேறு மூக்கு வரவழைத்தார்கள். டிரைவர் இறங்கி வந்து அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்தார்.

"யாருக்கா இதை ஆபத்தான பாலம்னு சொன்னது? இன்னும் அம்பது வருஷம் நின்னிருக்கும்."

இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் பாலம் கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டா வெறுப்பாகத்தான் போனது.

இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் கொடுத்த பட்டியல்படி ஆறு ஜோடித் துணி, இரண்டு துண்டு, ஒரு போர்வை, ஒரு தட்டு. வாலு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அடிக்கிற அடி அவளுக்குக் கேட்காது. ஆனால் வாசல் சிமெண்டில் உள்ளங்கையைப் பதித்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள். மறுபடி பதித்துப் பார்த்தாள். எழுந்து வந்து அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, கையால் கேட்டாள். தரையை யாரோ அடிக்கிறார்கள். யார்?

அக்காவின் நாக்கில் ஒரு பட்டியலே இருந்தது. பட்டியலில் விரல் ஓட்டியவன், லிஸ்ட்டைத் தட்டியவர், மனப்பாடமாகச் சொன்னவர், தாளில் இல்லாததைச் செய்யாதவர். எல்லாவற்றுக்கும் அவளிடம் கைமொழி இருந்தது. ஒன்றையும் அவள் காட்டவில்லை. துண்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

வாலு சிரித்தாள். பொய் என்று விரலை ஆட்டினாள். அம்மா எப்போதும் இப்படித்தான் ஏமாற்றுவாள் என்பதுபோலத் திரும்ப வாசலுக்கு ஓடி, சிமெண்டில் கையை வைத்துக்கொண்டு, யார் என்று தானே கண்டுபிடிக்கப் போகிறவள் மாதிரித் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.